‘உள்ளதத்தானே காட்டுறோம்’: கோடம்பாக்கத்து வார்ப்புகள் குறித்து

சில வருஷங்களுக்கு முன்பு கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நடந்த கதை விவாதத்தில் ஒருநாள் பூராவும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. எனக்கு அங்கே வேலை ஏதும் கிடையாது. உதவி இயக்குநராக இருந்த நண்பர் ஒருவர், ‘சும்மா வந்து உக்காருங்க தோழர், சாப்பாடு நல்லா இருக்கும்’ என்று கூட்டிப் போயிருந்தார். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு காட்சி பேச்சுக்கு வந்தது. கதாநாயகனின் தங்கை கம்மலை அடகு வைக்கப் போகிறாள்.

‘வட்டிக்கடையில ஒரு சேட்டு. ரெண்டு சீன் போதும்’ என்றார் இயக்குநர்.

‘எதுக்கு சார் சேட்டு? நம்ம ஆளாவே வச்சா என்ன?’ என்று நண்பர் கேட்டார்.

‘நம்ம ஆளா வச்சா அவனுக்கு ஒரு பேரு வேணும், ஊரு வேணும். பேரும் ஊரும் வச்சா சாதி வந்துரும். சாதி வந்தா எவனாவது வந்து பிரச்சினை பண்ணுவான். சேட்டுன்னா ஒரு தொந்தரவும் இல்லப்பா. குல்லாயும் கணக்கு நோட்டும் போதும். நம்பள்கின்னு வாயத் தொறந்தான்னா ஜனங்களுக்குப் புரிஞ்சுரும்.’

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அப்படியானால் மார்வாடிகள் எல்லாம் இப்படித்தான் என்கிறீர்களா என்று நான் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. (சினிமாவில் வெளியாள் கேட்கிற கேள்விக்கு யாரும் கோபப்படுவதில்லை. அது கணக்கில் வராது.) ‘சார், நான் மாம்பலத்துல பொறந்து வளந்தவன். எங்கம்மா நகையெல்லாம் எந்தக் கடையில போய் முழுகிச்சுன்னு எனக்குத் தெரியும். இல்லாததையா காட்டுறோம்? உள்ளதத்தானே காட்டுறோம்’ என்றார்.

அந்த வாக்கியத்தோடு அன்றிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: அதெல்லாம் கட்டமைக்கப்பட்ட பிம்பம், ஆதிக்கச் சொல்லாடல், மற்றமையை உற்பத்தி செய்யும் தந்திரம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஆனால் அந்த அம்மாவின் நகை போனது கட்டமைக்கப்பட்டதல்ல. அது போனது. கடைக்காரர் மார்வாடிதான். தி. நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த அடகுக் கடைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் ராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பத்தார் என்பதும் உண்மை. இந்த உண்மைகளுக்கு முகம் கொடுக்காமல் வார்ப்புகளை எதிர்க்கிறோம் என்று கிளம்பினால், நாம் பேசுவது நமக்கு மட்டும்தான் கேட்கும்.

வார்ப்பு என்கிற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். ஸ்டீரியோடைப் என்பது அச்சுக்கூடத்துச் சொல். எழுத்துக்களைக் கோத்து முடித்த பக்கத்தின்மேல் அச்சு எடுத்து, அதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி ஒரே பலகையாக வார்த்துவிடுவார்கள். கோத்த எழுத்துக்களைப் பிரித்து மறுபடி கேஸில் போட்டுவிடலாம். பலகை மட்டும் இருந்தால் போதும், எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். சிறுபத்திரிகைக்காக லெட்டர் பிரஸ்ஸில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் வசதி புரியும், வம்பும் புரியும். கோத்த பக்கத்தில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம். வார்த்த பலகையில் அது லேசில் நடக்காது. 1922-இல் வால்டர் லிப்மன் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர்தான் இந்தச் சொல்லை மனிதர்களைப் பற்றி நம் தலைக்குள் இருக்கும் படங்களுக்குப் பொருத்திப் பிரபலமாக்கினார். படம் பொய் என்று அவர் சொன்னதாகக் கொள்ளத் தேவையில்லை. அது நாம் பார்ப்பதற்கு முன்பே அங்கே இருக்கிறது என்பதே அதன் சிக்கல்.

அப்படங்களில் உண்மை உண்டா என்பதில் அறிவுத்துறைக்காரர்களும் இரண்டு பட்டுத்தான் கிடக்கிறார்கள். 1936-இல் லப்பியர் என்கிற சமூகவியலாளர் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியில் ஆர்மீனியக் குடியேறிகளைப் பற்றி ஊரார் சொன்னதையெல்லாம் சோதித்துப் பார்த்தார். ஏமாற்றுக்காரர்கள், தர்மத்துக்குக் கையேந்துகிறவர்கள், வழக்கு வம்புக்காரர்கள் என்றார்கள் ஊரார். கடன் நாணயப் பதிவு, உதவி கேட்டவர்கள் பட்டியல், நீதிமன்றக் கணக்கு என்று புரட்டினால் அத்தனையும் எதிர்மாறாக இருந்தன. சரி, வார்ப்பு பொய் என்று முடித்துவிடலாமா? லீ ஜுசிம் போன்ற இன்றைய உளவியலாளர்கள் விடமாட்டார்கள். பல சந்தர்ப்பங்களில் மக்கள் ஒரு குழுவைப் பற்றி நினைப்பதும் கணக்கெடுப்பு சொல்வதும் ஒத்துத்தான் போகின்றன, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லாதீர்கள் என்பது அவர்கள் வாதம். ஒப்புக்கொள்கிறேன். இயக்குநருக்குச் சாதகமான வாதம் இது. அடகுக் கடைகளைக் கணக்கெடுத்திருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார்.

ஆனால் கணக்கு எதைச் சொல்கிறது? இன்னாருக்கும் இன்னாருக்கும் நடுவில் இன்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று சொல்கிறது. வார்ப்பு சொல்வது வேறு: இன்னார் இப்படிப்பட்டவர். ஓர் உறவை எடுத்து அதை ஒருவருடைய குணமாக, ரத்தமாக, மூக்காக, பேச்சாக மாற்றிவிடுகிறது. தகவல் மெய்யாகவே இருக்கலாம். தகவலிலிருந்து தாவுகிறோமே, அந்தத் தாவலில் இருக்கிறது பொய்.

இதை நமக்கு உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டுமானால் கடல் தாண்டிப் போக வேண்டும். சேட்டு என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அந்த இடத்தில் ஒருகாலத்தில் தமிழன் இருந்தான். பர்மாவில்.

கீழ் பர்மாவின் நெல் விவசாயம் விரிந்தது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடனால். வெள்ளைக்கார வங்கிகள் பர்மியக் குடியானவனுக்குக் கடன் தராது, செட்டியாருக்குத் தரும், செட்டியார் குடியானவனுக்குத் தருவார். நிலம் ஈடு. 1930 வாக்கில் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். அப்போது உலக மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவன் வட்டி கட்ட முடியவில்லை, முதலையும் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் ஈடு வாங்கியவனிடம் வந்து சேர்ந்தது. 1937-இல் அதே மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்தது சுமார் 25 சதவீதம்.

இந்த ஏழு வருஷத்தில் செட்டியார்களின் குணம் நாலு மடங்கு கெட்டுப்போய்விட்டதா? விற்கவும் முடியாத, உழவும் தெரியாத நிலத்தை வைத்துக்கொண்டு பலர் திண்டாடினார்கள். ஆனால் பர்மியக் குடியானவன் பார்த்தது லண்டன் சந்தை விலையை அல்ல. தன் வயலை எழுதி வாங்கிக்கொண்ட ஆளை. நெற்றியில் விபூதி, மேலே சட்டை இல்லை, முன்னால் கணக்குப் பெட்டி. அன்றைய பர்மியப் பத்திரிகைகளும் அரசியல் பேச்சும் ‘செட்டி’யை ரத்தம் உறிஞ்சுகிறவனாக எழுதின. ஒரு பர்மியன், ‘இல்லாததையா எழுதுறோம், என் வயல் எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியும்’ என்று சொல்லியிருந்தால் நம் மாம்பலத்து இயக்குநர் என்ன பதில் சொல்வார்? இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம்தான். இரண்டு பேருடைய நகையும் நிலமும் போனது நிஜம். ஒருவருக்கு நாம் அழுகிறவர்கள், இன்னொருவருக்கு நாம் அழவைத்தவர்கள்.

பர்மா கதையின் வால் நமக்குத் தெரியும். நே வின் ஆட்சியின் தேசியமயமாக்கலும் 1964 முதல் கப்பல் கப்பலாக வந்த அகதிகளும். அகதிகளில் பெரும்பாலோர் ஒரு ரூபாய் கூட வட்டிக்கு விட்டிராத கூலிகள், சில்லறைக் கடைக்காரர்கள். வார்ப்பு அப்படி ஆள் பார்த்துப் பிரிப்பதில்லை. கணக்குப் பெட்டிக்காரனின் பெயரைச் சொல்லித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனையும் அனுப்பிவிடும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் கடை போட்டவர்கள் அவர்கள்.

இன்னொன்று. காரைக்குடிப் பக்கத்திலிருந்து 1948-இல் கோடம்பாக்கத்துக்குத் தன் ஸ்டுடியோவைக் கொண்டுவந்த ஏ.வி. மெய்யப்பன் நாட்டுக்கோட்டைச் செட்டியார். அந்த ஸ்டுடியோவின் பெயரோடு சேர்ந்து நினைக்கப்படும் ‘பராசக்தி’ (1952) ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களின் கதை. யுத்தம் அவர்களைப் பிரிக்கிறது, தாய்நாடு அவர்களைப் பிச்சை எடுக்க வைக்கிறது. தமிழன் பர்மாவில் கடன் கொடுத்தவனாகவும் இருந்தான் என்பது அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது வேறு படம். ஆனால் சொந்தக் கணக்குப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு வந்த இடத்தில்தான் அடுத்தவன் கணக்குப் பெட்டி சிரிப்புக்கு உரியதாயிற்று என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

வார்ப்பு ஒன்றைக் காட்டும்போது இன்னொன்றை மறைக்கிறது. சேட்டு சினிமாவில் எதை மறைத்தார்? கோடம்பாக்கத்தையே மறைத்தார். இங்கே படம் எடுப்பது கடனில். சவுகார்பேட்டைப் பணமும் உண்டு, மதுரைப் பணமும் உண்டு, ஆந்திரப் பணமும் உண்டு. சேட்டைக் கிண்டல் செய்கிற காட்சியின் பிலிம் ரோலே சேட்டு ஃபைனான்ஸில் வாங்கியதாக இருக்கும் என்று யூனிட்டில் சிரிப்பார்கள். 2003-இல் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டபோது கடன் தொல்லை பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த வருஷமே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2017 நவம்பரில் இணைத் தயாரிப்பாளர் அசோக்குமார் கந்துவட்டிக் கொடுமை என்று எழுதிவைத்துவிட்டு இறந்தார். அவர் எழுதிவைத்த பெயர் ஒரு தமிழரின் பெயர். அதற்கு முந்தைய மாதம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவி, இரண்டு குழந்தைகளோடு எரிந்துபோனாரே, அங்கேயும் கடன் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். இயக்குநர் தன் வாயாலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: நம்ம ஆளா வச்சா பேரு வேணும், ஊரு வேணும். பேரும் ஊரும் சொல்ல முடியாத நிஜத்துக்குப் பேரும் ஊரும் தேவைப்படாத ஒருவனைப் பிரதிநிதியாக வைத்தாயிற்று.

(இப்போது அடகு பிடிப்பவை பெரும்பாலும் கம்பெனிகளும் வங்கிகளும். குளிர்சாதன அறை, டை கட்டிய பையன், நடிகர்களே வந்து விளம்பரம் செய்கிறார்கள். ஏல நோட்டீஸ் மட்டும் அதேதான். இதிலிருந்து ‘வங்கி மேனேஜர் குணம்’ என்று ஒரு வார்ப்பு இன்னும் பிறக்கவில்லை. பிறக்காது.)

‘ஜெய் பீம்’ (2021) படத்தை இந்த இடத்தில் கொண்டுவருகிறேன். நண்பர்கள் பலருக்கு அது பிரியமான படம், எனக்கும்தான். அதன் தொடக்கக் காட்சி, சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களைச் சாதி கேட்டுப் பிரிப்பது, வார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழ் சினிமா கொடுத்த மிகச் சரியான காட்சிகளில் ஒன்று. சில சாதிகள் வீட்டுக்குப் போகலாம், சில சாதிகள் மறுபடி வேனில் ஏற வேண்டும். முடிக்கப்படாத வழக்குகளுக்கு ஆள் வேண்டும். அந்த வழக்குகள் அவர்கள் தலையில் விழுந்ததும் அந்தச் சாதியின் குற்றக் கணக்கு கூடும். கணக்கைக் காட்டி அடுத்த முறை மறுபடி வேன். ‘உள்ளது’ இப்படித்தான் உண்டாகிறது.

1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது செய்தது இதைத்தான். பட்டியலில் பேர் ஏறிய சாதியில் பிறந்தவன் ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும், ஊர் விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனவன், மாமியார் ஊரில் சாவுக்குப் போனவன் எல்லாம் சட்டம் மீறிய குற்றவாளி ஆனான். 1920 ஏப்ரல் 3-இல் ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க்காரர்களைச் சுட்டார்கள். சட்டம் இங்கே 1947-இல் போயிற்று. பதிவேட்டில் எழுதிய குணம் போகவில்லை. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2024 அக்டோபர் வரை ஆயிற்று.

அதே படத்தின் நடுவே ஒரு காட்சி வருகிறது. பிரகாஷ்ராஜ் நடிக்கும் போலீஸ் அதிகாரி ஒரு வட்டிக்கடைக்காரரை விசாரிக்கிறார். அவர் இந்தியில் பேசுகிறார். அதிகாரி அறைகிறார், தமிழில் பேசச் சொல்கிறார். தியேட்டர் கிடையாது, ஓ.டி.டி.யில் வந்த படம், ஆனாலும் வீட்டு ஹாலில் கைதட்டல் கேட்டது எனக்கு. இந்தியில் வெளியான வடிவத்தில் அந்த வசனம் உண்மையைச் சொல்லும்படி மாற்றப்பட்டிருந்தது. இருளர் என்றால் திருடன் என்று அடிப்பது அநீதி என்று இரண்டரை மணி நேரம் வாதாடுகிற படத்துக்கு, சேட்டு என்றால் மழுப்புவான் என்று அடிப்பது வாதாட வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். லாக்கப்பில் சாகடிப்பதும் ஓர் அறையும் ஒன்றல்ல, இருளருக்கு இருக்கிற கையாலாகாத்தனம் மார்வாடிக்குக் கிடையாது. நான் சொல்வது, போலீஸ் அடித்து உண்மை வரவழைக்கும் என்கிற நம்பிக்கை அந்த ஒரு நிமிஷம் நமக்கு ருசித்தது என்பதைத்தான். அடிபடுகிறவன் வார்ப்பாக இருந்தால் ருசிக்கும்.

கூடவே அந்தக் காலண்டர் விவகாரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். கொடுமைக்கார எஸ்.ஐ. வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் அக்னி குண்டம் தெரிகிறது, அது வன்னியர் சமூகத்தின் சின்னம் என்று எதிர்ப்பு வந்ததும் சில நாளில் காலண்டர் படம் மாறிவிட்டது. அறை அப்படியே இருந்தது. படத்துக்கு மூலமான 1993 சம்பவத்தில் இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளர். எந்தச் சமூகத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது ‘உள்ளதை’ வைத்து முடிவாவதில்லை. யார் கேட்பார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்பதை வைத்து முடிவாகிறது.

இங்கே நம்மை நோக்கித் திரும்ப வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் பத்திரிகைகளின் பக்கங்களில் பார்ப்பனர் பற்றி நாம் எழுதியதெல்லாம் என்ன? அதுவும் வார்ப்புதானே என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1912-இல் சென்னை மாகாணத்தில் மக்கள் தொகையில் 3 சதவீதம் அளவே இருந்த பிராமணர்கள் துணை ஆட்சியர்களில் பாதிக்கு மேலும், மாவட்ட முன்சீப்களில் 70 சதவீதத்துக்கு மேலும் இருந்தார்கள். பிராமணரல்லாதார் இயக்கம் பேசியது இந்தக் கணக்கை. அது உறவைப் பற்றிய பேச்சு, அதிகாரத்தைப் பற்றிய பேச்சு. பதவியைப் பிரித்துக் கொடு என்று கேட்கலாம், பிரித்தால் மாறும். அதே பேச்சு ‘அவன் புத்தியே அப்படி’ என்று மாறும் இடமும் உண்டு. நாமே எழுதியிருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய வரிகளால் ஒரு முன்சீப் பதவி கூடக் கை மாறவில்லை.

கோடம்பாக்கம் என்ன செய்தது என்று பாருங்கள். அதன் ஐயர் பெரும்பாலும் சமையல்காரர், புரோகிதர், பொடி போடுகிற அசட்டு மாமா, ‘அபிஷ்டு’ என்று திட்டிவிட்டு அடி வாங்குகிறவர். துணை ஆட்சியரும் நீதிபதியும் பத்திரிகை முதலாளியும் எங்கே? பிராமணர்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று அவர்களில் சிலரும், பார்ப்பானைத் தோலுரிக்கிறார்கள் என்று நம்மில் சிலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வார்ப்பு சத்தமில்லாமல் அதிகாரத்தை அடுப்படிக்குள் ஒளித்து வைத்தது. பலவீனமானவன் மேல் விழும்போது வார்ப்பு அவனை நசுக்குகிறது. பலமுள்ளவனுக்கு அது வேஷம் போட்டு விடுகிறது. சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

மெட்ராஸ் பாஷையும் அப்படித்தான். திரையில் அதைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமான சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர். குப்பத்து மனுஷனின் பேச்சு என்றால் கோமாளி அல்லது ரவுடி என்பது அறுபது வருஷமாகப் பழகிப்போன காது. 2000-க்குப் பிறகு நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் என்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வேலை இங்கே, வீடு அங்கே. பள்ளிக்கூடம் பின்னால் வந்தது, போலீஸ் முன்னால் வந்தது. விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று விலாசம் எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்று அங்கிருக்கும் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வேலை கிடைக்காமல் தெருமுனையில் நிற்கிறவனைப் பார்த்து, ‘பாத்தியா, சும்மாவா சொல்றாங்க’ என்கிறோம். திருநங்கையருக்கும் நடந்தது இதுவே: வேலை கொடுக்காமல், வீடு கொடுக்காமல் கைதட்டிக் காசு கேட்க வைத்துவிட்டு, கைதட்டுவதை எடுத்து நகைச்சுவைக் காட்சியாக வைத்தார்கள். 2015-இல் ‘ஐ’ படத்தை எதிர்த்து அவர்கள் தெருவுக்கு வந்தபோது கோடம்பாக்கம் ஆச்சரியப்பட்டது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி தங்கம் வென்ற அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊரே கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் கொண்டாட்டத்தின் குரலைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘கண்ணகி நகர்லேருந்து இப்படி ஒரு பொண்ணா!’ அந்த ‘ஆ’வில் பழைய பலகை அப்படியே இருக்கிறது. விதிவிலக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும்போது விதியின் மேல்தான் நின்று ஆடுகிறோம். அந்தப் பெண்ணோ தன்னைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே கூப்பிடச் சொல்கிறார்.

சேட்டுக்கு வருகிறேன், ஒன்று பாக்கி இருக்கிறது. ஆண் சேட்டு திரையில் அடி வாங்கிய அதே வருஷங்களில் அவனுடைய வீட்டுப் பெண்ணின் நிறம் அழகுக்கு இலக்கணமாயிற்று. ‘சேட்டு வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்பது நம் தெருக்களில் பாராட்டு. பம்பாயிலிருந்து கதாநாயகிகளை இறக்கிக்கொண்டே இருந்தோம். குஷ்புவுக்குத் திருச்சியில் கோயிலே எழும்பியது. ஏஜெண்டிடம் துணை நடிகர்கள் கேட்கும்போது ‘ரிச் பொண்ணுங்க பத்து’ என்பார்கள். ரிச் என்றால் சிவப்பு. கறுத்த தமிழ்ப் பெண் எத்தனை பணக்காரியாக இருந்தாலும் அந்த வேனில் ஏற முடியாது. கணக்குப் பெட்டியின் மேல் வெறுப்பு, தோலின் மேல் மோகம். இரண்டும் ஒரே அடகுக் கடை வாசலில் நின்று பார்த்த பார்வை. கடைக்கு உள்ளே அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது, அந்தப் பெண்கள் தெருவுக்கு வர முடிந்ததா, மூன்றாம் தலைமுறைப் பையன் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறான் என்பது தெரியாது. தெரிந்துகொள்ளக் கதையில் இடமில்லை. ரெண்டு சீன்தானே.

இப்போது சேட்டு கேலிக்குப் பழசாகிவிட்டார். ‘வடக்கன்’ வந்துவிட்டான். கட்டடத்தில், ஹோட்டலில், முடிவெட்டும் கடையில், வயலில் கூட. பான்பராக் துப்புகிறவன், ரிசர்வேஷன் பெட்டியில் ஏறுகிறவன், குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறவன். 2024-இல் ஒரு வடமாநிலத் தொழிலாளியைப் பரிவோடு காட்டிய படத்துக்கு ‘வடக்கன்’ என்று பெயர் வைத்தார்கள். தணிக்கையில் அந்தச் சொல்லுக்குத் தடை வந்து ‘ரயில்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. தெருவில் தினமும் புழங்குகிற சொல் அதை விசாரிக்க வந்த படத்தில் மட்டும் கூடாது. 1966-க்குப் பிறகு பம்பாயில் சிவசேனைக்காரர்கள் லுங்கிக்காரர்கள் என்று நம்மை விரட்டியபோது சொன்ன காரணங்களை எடுத்துப் பாருங்கள்: வேலையைப் பறிக்கிறார்கள், கூட்டமாக வாழ்கிறார்கள், நம் மொழி பேச மாட்டேன் என்கிறார்கள். ‘படோசன்’ (1968) படத்தில் மெஹ்மூத் போட்ட மதராஸி வேஷத்தை இன்றுவரை நாம் மறக்கவில்லை. வாங்கிய அடியை ஞாபகம் வைத்துக்கொள்வதில் நாம் கெட்டிக்காரர்கள். குறைந்த கூலி நிர்ணயிக்கிறவன் யார் என்று கேட்டால் பேரும் ஊரும் வந்துவிடும். பிகாரி என்று சொல்லிவிட்டால் வராது.

அந்தக் கதை விவாதத்துக்குக் கூட்டிப்போன நண்பர் போன மாதம் வீடு தேடி அலைந்தார். சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் என்று நாலைந்து தெரு. போர்டு தொங்கும், போய்க் கேட்டால், ‘என்ன வேலை பண்றீங்க தம்பி?’ என்பார்கள். சொன்னதும், ‘சினிமாக்காரங்களுக்குத் தர்றதில்லையே’ என்பார்கள். வாடகை ஒழுங்காத் தரமாட்டாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வருவாங்க, குடி, பொம்பள சகவாசம். நான் அவருக்காகக் கொதித்துப்போய் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

‘அவங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு தோழர்’ என்றார் அவர். ‘பழைய வீட்டுல நான் அஞ்சு மாசம் வாடகை பாக்கி. கம்பெனியில ஏழு மாசமா பேட்டா வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்ததும் நெசம், எடிட்டிங் அப்பத்தான் முடியும்.’

கடைசியில் வங்கியில் வேலை பார்க்கும் மச்சான் பேரில் அக்ரிமெண்ட் போட்டு வீடு எடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்ல வேண்டும். என்னிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.